தொலைமருத்துவமும் மக்கள் நம்பிக்கையும்: சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவமனைக்குச் செல்லாமல் திரைவழியே மருத்துவரிடம் ஆலோசனை பெறும் முறை தொலைமருத்துவம் எனப்படுகிறது. இதனை ஏற்க மக்கள் தயங்குவதற்கு அறியாமையே காரணம் எனக் கருதும் போக்கு உள்ளது. அத்தயக்கத்திற்கு வரலாற்றுக் காரணங்களும் உண்டு என்பதை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்ககால முயற்சிகள்

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலுள்ள அரகொண்டாவில் அப்போலோ மருத்துவமனை அமைத்த தொலைமருத்துவ மையத்தை, 2000 மார்ச் 24 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் தொடங்கிவைத்தார். அங்குள்ள மருத்துவருக்குச் சென்னை வல்லுநர்கள் தொலைவிலிருந்து ஆலோசனை வழங்கினர். 2003இல் சங்கர நேத்ராலயா, இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்புடன் ஊர்திவழிக் கண்மருத்துவச் சேவையைத் தொடங்கியது. ஊர்தியில் வந்த பணியாளர்கள் கிராம மக்களின் கண்களைப் பரிசோதிக்க, மருத்துவர் சென்னையிலிருந்து ஆலோசனை கூறினார். இவ்விரு முயற்சிகளிலும் நோயாளியின் அருகில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார் என்பது கருதத்தக்கது.

2020இல் நிகழ்ந்த மாற்றம்

கொரோனாப் பரவலின்போது, 2020 மார்ச் 25 அன்று நடுவணரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. அதே மாதத்தில், வெளிநாடுகளிலிருந்து வந்த பயணிகள் சிலர் பூந்தமல்லிப் பொதுச் சுகாதார நிறுவன வளாகத்தில் தனிமைப்படுத்தப்பட்டிருந்தனர். ஏப்ரல் 13 அன்று இ-சஞ்சீவனி புறநோயாளர் சேவை தொடங்கியது. கைப்பேசி எண்ணைப் பதிவுசெய்தல், ஒருமுறைக் கடவுச்சொல்லை உள்ளிடுதல், வரிசை எண் பெற்றுக் காத்திருத்தல் ஆகிய அனைத்தும் இப்போது நோயாளியின் பொறுப்பாயின. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியைக் கணவர் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால், கடவுச்சொல்லும் அவருடனேயே சென்றுவிடும். சேவையைப் பற்றி அறிந்திருந்தாலும் அப்பெண்ணால் அதனைப் பயன்படுத்த இயலாது.

புறநகரின் மருத்துவ அனுபவம்

1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் உருவானதால் இப்பகுதி தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்தது. தனியார் ஆலைத் தொழிலாளர் பலருக்கு மருத்துவம் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த ஈ.எஸ்.ஐ. மருந்தகமாகும். அங்கு மருத்துவரைக் காண்பதும், மருந்து பெறுவதும், விடுப்புக்கால உதவித்தொகைக்கான சான்று பெறுவதும் ஒருங்கே நிகழ்கின்றன. திரைவழி ஆலோசனை இவற்றுள் முதலாவதை மட்டுமே நிறைவு செய்கிறது. மருந்துக்கும் சான்றுக்கும் வேறிடம் செல்ல நேர்ந்தால், ஒருநாள் ஊதியத்தை இழக்கும் தொழிலாளிக்கு அதனால் பெரும்பயன் இல்லை. எனவே அவர் நேரில் செல்ல விரும்புவது அனுபவத்தின் வழிப்பட்ட முடிவேயாகும்.

முடிவுரை

2019 நவம்பரில் தொடங்கிய இ-சஞ்சீவனியின் முதல் வடிவம், சுகாதார நிலையப் பணியாளர் வழியாகவே நோயாளியைத் தொலைவிலுள்ள மருத்துவருடன் இணைத்தது. புறநகரின் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களில் அவ்வடிவத்தை வலுப்படுத்தி, செவிலியரின் துணையையும் மருந்து வழங்கலையும் ஒரே இடத்தில் அமைப்பது பயன்தரும். விழிப்புணர்வுப் பரப்புரையோடு இத்துணையும் சேரும்போதே மக்களின் நம்பிக்கை உறுதிப்படும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.