ஹைட்ரஜன் தீர்ந்த பிறகு

2009 டிசம்பர் 14 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்திலிருந்து வைஸ் விண்வெளித் தொலைநோக்கியை நாசா ஏவியது. அகச்சிவப்பில் வானம் முழுவதையும் படம் பிடிப்பதுதான் அதன் முதல் வேலை. படங்களில் நகரும் புள்ளிகளைப் பொறுக்கியெடுக்க, ஏமி மைன்சர் தலைமையில் நியோவைஸ் என்றொரு துணைத் திட்டமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெப்பத்தைப் பார்க்கும் கருவி சூடாக இருந்தால் தன் சூடே கண்ணை மறைக்கும். அதனால் உறைந்த ஹைட்ரஜனால் அதைக் குளிர்வித்தார்கள். 2010 இலையுதிர் காலத்தில் அது ஆவியாகித் தீர்ந்ததும், நான்கு உணர்விகளில் இரண்டு பயனற்றுப்போயின. மற்ற இரண்டை வைத்து நான்கு மாதம் சிறுகோள் தேடிவிட்டு, 2011 பிப்ரவரியில் உறங்கவைத்தார்கள்.

மிஞ்சிய இரண்டும் சிறுகோளுக்குப் போதும் என்பதுதான் விஷயம். சூரியனை நெருங்கும் கல் சூடேறி, 4.6 மைக்ரானில் நன்றாகவே தெரியும். சாதாரணத் தொலைநோக்கிக்குக் கிடைப்பதோ கல் திருப்பியனுப்பும் சூரிய ஒளி மட்டும். கறுத்த பெரிய கல்லும் வெளுத்த சின்னக் கல்லும் அதில் ஒரே பிரகாசம்தான். அளவைச் சொல்வது சூடு. சுமார் 140 மீட்டருக்கு மேல், பூமியின் பாதைக்கு 75 லட்சம் கிலோமீட்டருக்குள் வரும் பாதை என்றால்தானே 'ஆபத்தானது' என்ற முத்திரை? அளவு தெரியாமல் எப்படிக் குத்துவது?

2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் கல் வெடித்தது. சிதறிய கண்ணாடியிலும் மற்றதிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அந்த ஆகஸ்டிலேயே, உறங்கும் தொலைநோக்கியை எழுப்பப்போவதாக நாசா அறிவித்தது. ஹைட்ரஜன் இல்லாமல் எப்படிக் குளிர்விப்பது? வெறும் இருண்ட விண்வெளியைப் பார்க்கத் திருப்பிவைத்தார்கள். மைனஸ் 200 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கியது. மலிவான வைத்தியம், பலித்தது. டிசம்பர் 29 அன்றே முதல் வேட்டை: 2013 ஒய்பி139. கரியைப்போல் கறுத்து, சுமார் 650 மீட்டர் அகலம். ஆபத்துப் பட்டியலில் சேரும் கல்.

2024 ஆகஸ்டில் பணி முடிந்தது. நவம்பரில் தொலைநோக்கி வளிமண்டலத்தில் எரிந்தது. ஒரு குறை கடைசிவரை இருந்தது. சூரியனுக்குச் செங்குத்தான திசையைத்தான் அது பார்த்தது. செல்யாபின்ஸ்க் கல்லோ சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்தது. சிறுகோளுக்கென்றே கட்டப்படும் நியோ சர்வேயர் தொலைநோக்கியில் குளிர்விக்கும் திரவமோ உறைபொருளோ கிடையாது, நிழல்தட்டிதான். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, சூரியனுக்கு 45 டிகிரி வரை நெருங்கிய வானத்தையும் அது துழாவும்.