நாற்காலியும் அளவுகோலும்: கூடைப்பந்தின் கறுப்பின மேலாளர்களை உலகம் மதிப்பிட்ட கதை



நம் மூத்த தோழரின் நினைவுச் சொற்பொழிவில் கூடைப்பந்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "உங்களுக்குப் பந்தைத் தரையில் தட்டக்கூடத் தெரியாதே தோழர்" என்றார். உண்மைதான். நான் பேச வந்தது ஆட்டத்தைப் பற்றி அல்ல. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியைப் பற்றி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நன்றாகச் செய்தாரா இல்லையா என்பதை யார், எப்போது, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதைப் பற்றி.

ஏன் இந்தத் தலைப்பு? நான் சமூகவியல் முதுகலை படித்தபோது எங்கள் விடுதிக்கு முதன்முறையாக நம் மக்களிலிருந்து ஒருவர் காப்பாளராக வந்தார். முதல் மாதம் சாப்பாடு நன்றாக இல்லை. அதற்கு முன்பும் நன்றாக இருந்ததில்லை. ஆனால் அந்த மாதம்தான் "கோட்டாவில் வந்தவர், இப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சு கிளம்பியது. நாங்கள் என்ன செய்தோம்? அவர் மீது ஒரு சொல்லும் விழக்கூடாது என்று, மெஸ் கணக்கில் அவர் உண்மையிலேயே செய்த தவறையும் சேர்த்து மறைத்தோம். அவர்கள் செய்தது அவதூறு. நாங்கள் செய்தது பூசி மெழுகல். இரண்டுமே மதிப்பீடு அல்ல என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அப்படிப் புரிய உதவிய ஒரு வரலாற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஆடலாம், ஆளக்கூடாது

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.வில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பொது மேலாளர் இருப்பார். எந்த வீரரை எடுப்பது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது, யாருக்கு எவ்வளவு சம்பளம், பயிற்சியாளர் யார் என்பவை அவர் வேலை. ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' என்ற பெயரில் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். அங்கே யாரை எடுப்பது என்பதும் அவர் பொறுப்பு. பணம் உரிமையாளருடையது. ஆட்டம் வீரர்களுடையது. களத்தில் அவர்களை நடத்துவது பயிற்சியாளர். மேலாளரிடம் இருப்பது முடிவெடுப்பது ஒன்றுதான். அந்த முடிவு சரியா தவறா என்று தெரியச் சில சமயம் பத்து வருடம் ஆகும்.

1950இல்தான் ஏர்ல் லாய்டு, சக் கூப்பர், நாட் கிளிஃப்டன் ஆகிய கறுப்பின வீரர்கள் என்.பி.ஏ.வுக்குள் நுழைந்தார்கள். 1966இல் பாஸ்டன் அணியில் பில் ரஸ்ஸல் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரானார். 1972இல் மில்வாக்கி பக்ஸ் அணி வெய்ன் எம்ப்ரியைப் பொது மேலாளராக நியமித்தது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை அணி விளையாட்டுகள் எதிலும் அதுவரை ஒரு கறுப்பினத்தவர் அந்தப் பதவியில் இருந்ததில்லை. களத்தில் இறங்குவதற்கும் நாற்காலியில் உட்காருவதற்கும் நடுவே 22 வருடங்கள்.

இது நமக்குப் புதிய கதையா? புனாவில் வெள்ளையர்களின் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்து, அவர்களுக்கே பந்து வீசிப் பயிற்சி கொடுத்து வளர்ந்தவர் பல்வங்கர் பாலூ. 1911இல் இங்கிலாந்து சென்ற அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். அவர் வீசும் பந்து இந்துக்கள் அணிக்கு வேண்டும். அவருக்குத் தேநீர் மட்டும் வெளியே, தனிக் குவளையில். தலைமைப் பொறுப்பு அவருக்குக் கடைசிவரை முறையாகத் தரப்படவில்லை. போராட்டத்துக்குப் பிறகு 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. உடம்பின் உழைப்பை ஏற்பார்கள், மூளையின் அதிகாரத்தை ஏற்கமாட்டார்கள். இரண்டு கண்டங்களிலும் ஒரே விதி.

மில்வாக்கி: எந்த ஆண்டில் நின்று பார்ப்பது?

எம்ப்ரி 1937இல் ஓஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். சின்சினாட்டி அணியில் நடு ஆட்டக்காரர். ஆஸ்கார் ராபர்ட்சனின் அறைத் தோழர். 1968இல் ரஸ்ஸலின் கீழ் பாஸ்டனில் சாம்பியன்பட்டம் பெற்றவர். அவர் மேலாளரானபோது மில்வாக்கி 1971இன் சாம்பியன் அணி. ராபர்ட்சனும் கரீம் அப்துல்-ஜப்பாரும் அங்கே இருந்தார்கள். 1974 இறுதிப் போட்டியில் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். அதோடு ராபர்ட்சன் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் கரீம், தன்னை நியூயார்க்குக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ அனுப்பும்படி கேட்டார்.

உலகின் தலைசிறந்த வீரர் போகிறேன் என்கிறார். மேலாளர் என்ன செய்ய முடியும்? 1975 ஜூனில் எம்ப்ரி அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து எல்மோர் ஸ்மித், பிரையன் விண்டர்ஸ், ஜூனியர் பிரிட்ஜ்மன், டேவ் மேயர்ஸ் ஆகிய நால்வரைப் பெற்றார்.

இனி நீங்களே மதிப்பிடுங்கள். 1977இல் நின்று பார்த்தால் இது தோல்வி. 1976-77 பருவத்தில் அணி 30 ஆட்டங்களில் வென்று 52இல் தோற்றது; எம்ப்ரி அந்த ஆண்டே பதவி இழந்தார். 1988இல் நின்று பார்த்தால் பெருந்தோல்வி. கரீம் லேக்கர்ஸுக்காக ஐந்து சாம்பியன்பட்டங்களை வென்றிருந்தார். ஆனால் மில்வாக்கியின் பக்கமிருந்து பாருங்கள். 1976இல் எம்ப்ரியின் காலத்தில் பயிற்சியாளராக வந்த டான் நெல்சனின் தலைமையில் அந்த அணி 1980 முதல் 1986 வரை தொடர்ந்து ஏழு முறை தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிரிட்ஜ்மனும் விண்டர்ஸும் அணிந்த எண்களை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி கௌரவித்தது. விதைத்தவர் அறுவடையின்போது நாற்காலியில் இல்லை.

கரீமை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அல்ல கேள்வி. வைத்திருக்கும் வழி எம்ப்ரியிடம் இருந்ததா? போக விரும்பிய ஒருவருக்கு ஈடாக அன்றைய சந்தையில் கிடைக்கக்கூடியதை வாங்கினாரா? வாங்கினார் என்பதே என் முடிவு. முதலில் நாம் பார்க்க வேண்டியது இதைத்தான்: முடிவு எடுத்த அன்று அவர் முன் இருந்த வழிகள் எவை?

கிளீவ்லாண்ட்: யார் தவறு யார் கணக்கில்?

எம்ப்ரிக்கு மறுபடியும் ஒரு பொது மேலாளர் பதவி கிடைத்தது 1986இல். ஒன்பது வருட இடைவெளி. அணி, கிளீவ்லாண்ட் கவாலியர்ஸ்.

அந்த அணியின் முன்கதையைச் சொல்லியாக வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அதன் உரிமையாளராக இருந்தவர் டெட் ஸ்டீபியன் என்ற வெள்ளையர். எதிர்கால டிராஃப்ட் உரிமைகளை அள்ளி அள்ளிக் கொடுத்து அணியை ஒன்றுமில்லாமல் ஆக்கினார். அதைத் தடுக்கவே, அடுத்தடுத்த ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளை ஓர் அணி கொடுத்துவிட முடியாதபடி என்.பி.ஏ. விதி செய்தது. இன்றும் அதன் பெயர் 'ஸ்டீபியன் விதி'. அவருக்குப் பின் வந்த உரிமையாளர்களுக்கு என்.பி.ஏ. கூடுதல் டிராஃப்ட் வாய்ப்புகளும் தந்தது. ஒரு வெள்ளையரின் தவறு ஒரு விதியானது. 'வெள்ளையர்களுக்கு இந்த வேலை வராது' என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை.

எம்ப்ரியின் முதல் பருவம் நடந்துகொண்டிருந்த 1987 ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்ததன் 40ஆம் ஆண்டு. அதையொட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பொது மேலாளர் ஆல் கம்பானிஸ், மேலாளராக இருப்பதற்குத் தேவையான சில அம்சங்கள் கறுப்பினத்தவரிடம் இல்லாமல் இருக்கலாம் என்ற பொருளில் பேசினார். இரண்டே நாளில் பதவி போனது. வாய்விட்டுச் சொன்னவர் போனார். சொல்லாமல் அதையே நினைத்தவர்கள் எத்தனை பேர் நாற்காலியில் இருந்தார்கள்?

ஒரு தனிமனிதரின் தவறு அவரோடு முடிகிறதா, அவர் இனத்தின் கணக்கில் ஏறுகிறதா? ஆதிக்கத்தின் அடையாளமே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

எம்ப்ரியும் தவறினார்

இப்போது நம் பக்கத்துச் சோதனை. 1989 நவம்பரில் எம்ப்ரி ரான் ஹார்பர் என்ற வேகமான இளம் வீரரை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்தார். கூடவே இரண்டு முதல் சுற்று உரிமைகள். பதிலாக வந்தவர்கள் ரெஜி வில்லியம்ஸும், கிளிப்பர்ஸுக்கு ஆட மறுத்து இத்தாலிக்குப் போயிருந்த டேனி ஃபெர்ரியும். ஃபெர்ரிக்குப் பத்து வருட ஒப்பந்தம் போட்டார்கள். அவர் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை.

இதிலும் அவசரத் தீர்ப்பு சொல்ல முடியாது. சில வாரங்களிலேயே, 1990 ஜனவரியில், ஹார்பருக்கு முழங்காலில் பலத்த காயம். அன்று பார்த்தவர்கள் எம்ப்ரியைக் கெட்டிக்காரர் என்றிருப்பார்கள். ஆனால் ஹார்பர் மீண்டு வந்தார். பின்னாளில் சிகாகோவிலும் லேக்கர்ஸிலும் ஐந்து சாம்பியன்பட்டங்களில் பங்கு பெற்றார். காயத்தை வைத்து எம்ப்ரியைப் புகழ்வதும் தவறு, பட்டங்களை வைத்து இகழ்வதும் தவறு. இரண்டையும் அவர் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அறிந்திருக்கக்கூடியது ஒன்று உண்டு: என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடாத ஒருவருக்காக, நிரூபித்த ஒருவரையும் எதிர்காலத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்பது. அந்த விலை அதிகம். உரிமையாளர் தரப்பின் அழுத்தம் இதில் இருந்ததாக எம்ப்ரி பின்னர் தன் நூலில் எழுதினார். அதையும் கணக்கில் எடுப்போம். எடுத்த பிறகும் இது தவறான முடிவுதான். சொல்லத் தயங்கக்கூடாது.

தவறியவர் தொடர்ந்து வேலையில் இருந்தார். 1991-92இல் அதே கிளீவ்லாண்ட் 57 ஆட்டங்களில் வென்றது. அந்த ஆண்டும் 1998லும் சிறந்த நிர்வாகி விருது எம்ப்ரிக்கு. 1994இல் என்.பி.ஏ. அணி ஒன்றின் முதல் கறுப்பினத் தலைவரும் ஆனார். ஒரு தவறோடு கதை முடிந்திருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது. தவறு செய்த பிறகும் தொடரும் வாய்ப்பு ஆதிக்கத்தில் இருப்பவர்களுக்குப் பிறப்போடு கிடைக்கிறது. நாம் கேட்பதும் அதையே.

எதிர் மேசையில் இருந்தவர்

ஹார்பரை வாங்கிய கிளிப்பர்ஸின் மேலாளர் யார்? அவரும் கறுப்பினத்தவர்: எல்ஜின் பெய்லர். மாபெரும் ஆட்டக்காரர். 1959இல் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் கறுப்பின வீரர்களுக்கு விடுதி அறை மறுக்கப்பட்டபோது, அன்றைய ஆட்டத்தில் இறங்க மறுத்தவர்.

பெய்லர் 1986 முதல் 2008 வரை 22 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். அந்தக் காலத்தில் அணி இறுதிச்சுற்றுத் தொடருக்குப் போனது நான்கே முறை. ஏட்டில் பார்த்தால் மிக மோசமான பதிவு. ஆனால் பணப்பை டொனால்ட் ஸ்டெர்லிங்கின் கையில் இருந்தது. செலவழிக்க மறுப்பதில் பேர்போன உரிமையாளர். கைவிரித்துச் செலவு செய்த உரிமையாளர்களின் மேலாளர்களோடு பெய்லரை ஒரே தராசில் வைப்பது நியாயமா? 2006இல் அணி 47 ஆட்டங்களில் வென்றபோது சிறந்த நிர்வாகி விருதும் அவருக்கே வந்தது.

2009இல் பெய்லர் இன, வயதுப் பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தார். இனப் பாகுபாட்டுக் குற்றச்சாட்டு விசாரணைக்கு முன்பே கைவிடப்பட்டது. 2011இல் நடுவர் குழு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்று வருடம் கழித்து, கறுப்பினத்தவரைப் பற்றி ஸ்டெர்லிங் பேசிய ஒலிப்பதிவு வெளிவந்தது. என்.பி.ஏ. அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. இதனால் பெய்லரின் எல்லாத் தேர்வுகளும் சரியாகிவிடாது. வீணான டிராஃப்ட் தேர்வுகள் அவர் கணக்கில் நிற்கும். ஆனால் எந்த வீட்டில் அவர் சமைத்தார், அடுப்புக்கு விறகு கொடுத்தார்களா என்று கேட்காமல் குழம்பின் ருசியை மட்டும் பேச முடியாது.

நாம் எடுத்துச் செல்ல வேண்டியது

1972, எம்ப்ரி பதவியேற்ற ஆண்டு. கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தழுவி பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்ததும் அதே ஆண்டுதான். அவர்கள் வரலாற்றைப் பார்த்து நாம் போராடக் கற்றோம். மதிப்பிடவும் கற்போம்.

ஒரு மேலாளரைப் பற்றி, அவர் அணியை நடத்தினாலும் அலுவலகத்தை நடத்தினாலும் ஊராட்சியை நடத்தினாலும், தீர்ப்பு சொல்லும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். அவர் கைக்கு வந்தபோது நிலைமை என்ன? பணமும் கையெழுத்தும் உண்மையில் யாரிடம் இருந்தன? முடிவெடுத்த அன்று அவருக்குத் தெரிந்தது என்ன, தெரிந்திருக்க வேண்டியது என்ன? இதே தவறைச் செய்த மற்றவர்களை இதே அளவுகோலால் அளந்தோமா?

இந்த நான்குக்கும் பிறகு தவறு தவறாகவே நின்றால், அதை நாமே சொல்வோம். நாம் சொல்லாவிட்டால், அதை நம் மக்கள் எல்லோர் மீதும் ஏற்றிச் சொல்லக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் விடுதிக் காப்பாளரிடம் அன்று நாங்கள் நேராகப் போய், "ஐயா, இந்த மாதக் கணக்கு சரியில்லை, உட்கார்ந்து பார்ப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவரை மதிப்பதென்றால் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

நம் மூத்த தோழர் நம்மில் எவரையும் அப்படிக் கேட்கத் தயங்கியதில்லை. அவர் நினைவுக்கு வணக்கம். ஜெய் பீம்.