குதிரையை வாங்குவதும் வைத்திருப்பதும்

யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவின் குதிரைகளைக் காட்டுக்குதிரைகள் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் இலங்கைக் காடு எதுவும் குதிரையை ஈன்றதில்லை. அது கப்பலேறி வந்த பிராணி. அந்த வரவை அரசர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கு நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டே சாட்சி. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும் என்கிறது அது. சரக்கு மரக்கலம் உடைந்தால் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு. யானையோ குதிரையோ ஏற்றிய மரக்கலம் உடைந்தாலோ அரசன் எடுப்பது கால் பங்குதான். முக்கால் பங்கு வணிகனுக்கே போகும். குதிரை வேண்டும் என்பதற்காகக் கருவூலம் தன் வருமானத்தையே விட்டுக்கொடுத்தது. அப்படி அருமையாக வந்த குதிரையை வைத்துப் பேணும் கலை மட்டும் இந்தக் கரைகளில் பணத்தின் வேகத்துக்கு வளரவில்லை என்பதே என் வாதம்.

எதிர்க்கரையைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், லாடமும் வைத்தியமும் அறிந்த ஆள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்ததையும் குறிக்கிறார். அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், வறுத்த தானியத்தையும் நெய்யையும் ஊட்டி, முளையில் கட்டிக் கொழுக்க வைத்து, பழக்காமலே ஏறி ஓட்டினார்கள் என்கிறார். குதிரையின் இரைப்பை சிறியது. நாள் முழுவதும் நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்தது. நின்ற நிலையில் கொழுத்த தீனி போட்டால் வயிறு நோகும், குளம்புக்குள் அழற்சி வரும். ஆகவே ஆகாத தீனியும் இல்லாத நடையுமே அந்த லாயங்களைக் காலியாக்கியிருக்க வேண்டும்.

இந்த வெப்பத்தில் குதிரை பிழைக்காது, குற்றம் தட்பவெப்பத்தினுடையது என்று சிலர் சொல்லலாம். நெடுந்தீவு அதற்கு நேர் மறுப்பு. பாண்டிய நாட்டைப் போன்ற வெயில்தான் இங்கும். மெல்லிய மண்ணுக்கு அடியில் முருகைக்கல். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் இந்தத் தீவில் குதிரை வளர்த்தார்கள். அவர்கள் கட்டிய லாயத்தின் கல்தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் அந்த வளர்ப்பு தொடர்ந்தது; 1811 முதல் 1824 வரை லெப்டினன்ட் நோலன் இங்கே அதிகாரியாக இருந்தார். கடலே வேலி, வேட்டையாடும் மிருகம் இல்லை, வெளி நிறையப் புல். அதனால் பேணுதலில் பாதியைத் தீவே செய்தது. மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் இடையே நடப்பதே பயிற்சி. கல்தரை குளம்பைத் தேய்த்துவிடும். மணலில் புரண்டு எழுவதும், இரண்டு குதிரைகள் எதிரெதிரே நின்று ஒன்றின் பிடரியடியை மற்றொன்று பல்லால் கோதிவிடுவதும் லாயக்காரனின் தூரிகைக்கு ஈடு.

அரச வளர்ப்பு முடிந்தபோது குதிரைகள் தீவிலேயே தங்கிவிட்டன. கேட்பாரில்லாமல் இத்தனை தலைமுறை பிழைத்தவற்றுக்கு இனி எதற்குப் பராமரிப்பு என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. பிழைத்திருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. தீவு தராத மறுபாதி, வறண்ட மாதங்களின் தண்ணீர். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 20 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் உவர் நிலத்தில் குதிரைகள் சுருண்டு விழுந்திருக்கின்றன. தொலைவுக்கு ஓடிப்போய் வேறு நீர் தேட, கடல் விடாது. வேலியாக உதவிய அதே கடல் அப்போது சிறையாகிறது.

மனிதருக்கே குடிதண்ணீர் தட்டுப்பாடான தீவில் குதிரைக்கு எங்கே போவது என்று தீவார் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் மேய்ச்சல் வெளியில் கிணறும் தொட்டியும் அமைத்துக் கோடையில் நீர் நிரப்பினால் ஊர்க் கிணற்றுக்கு வரும் நெருக்கடி குறையும். மாடுகளும் அதில் குடிக்கும். 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசிய பூங்காவாக அறிவித்த அரசுக்கு அந்தச் செலவு பெரிதல்ல. பூங்கா என்று பெயரிட்டு எல்லை போட்டுவிட்டுத் தண்ணீரை மழையிடம் விடுவது, விலை கொடுத்து வாங்கிய குதிரையை முளையில் கட்டிவிட்டு மறந்த பழைய தவறேதான்.