மேடான் நகரத்துக் கெலிங் குடியிருப்பு

நகரங்களின் வரலாற்றை அரண்மனைகளையும் ஆட்சி மன்றங்களையும் கொண்டு எழுதுதல் பெருவழக்கு. ஆயினும், ஒரு நகரைத் தம் தோள்வலியால் எழுப்பிய மக்களின் வரலாறு ஏடுகளில் அருகியே இடம்பெறும். அவர்கள் குடியிருந்த பகுதியின் பெயரிலும், அவர்கள் கட்டிய வழிபாட்டிடங்களிலுமே அது எஞ்சி நிற்கும். இந்தோனீசியாவின் வட சுமாத்திரா மாகாணத் தலைநகராகிய மேடானில், ‘கம்போங் கெலிங்’ என்றும் பின்னர் ‘கம்போங் மெட்ராஸ்’ என்றும் வழங்கும் பகுதி இதற்குத் தக்க சான்றாகும். கடல்கடந்த ஒரு சமுதாயத்தை நிலைநிறுத்துவன யாவை என்னும் வினாவுக்கும் அதன் வரலாற்றில் விடை காணலாம்.

மலாக்கா நீரிணையை நோக்கிய சுமாத்திராவின் வடகீழ்க் கரையோரச் சமவெளியில், டெலி ஆறும் பபூரா ஆறும் கூடுமிடத்தில் மேடான் அமைந்துள்ளது. பெலவான் அதன் துறைமுகம். 1823ஆம் ஆண்டில் ஜோன் அண்டர்சன் என்னும் ஆங்கிலேயர் இங்கு வந்தபோது இஃது ஏறக்குறைய இருநூறு பேர் வாழ்ந்த சிற்றூராகவே இருந்தது. அதனைப் பெருநகராக்கியது புகையிலை.

இக்கரைகளுக்குத் தமிழர் வந்தமை பத்தொன்பதாம் நூற்றாண்டிற்றான் முதன்முதலாக நிகழ்ந்ததன்று. சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூசுக்கு அருகே, லோபு துவா என்னும் இடத்திற் கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கு நிலைகொண்டிருந்தமையைக் காட்டுகின்றது. மேடானுக்கு வடக்கேயுள்ள கோத்தா சீனா என்னும் தொல்லிடத்தில், தென்னிந்தியப் பாணியில் அமைந்த கற்சிலைகள் கிடைத்துள்ளன. மேடானை அடுத்த மலைநாட்டில் வாழும் காரோ இனத்தாருள் செம்பிரிங் என்னும் குலத்தவரிடையே சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிரம்மனா எனும் கிளைப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. இவை சோழ, பாண்டிய, பல்லவ, மலையாளப் பெயர்களை நினைவூட்டுவன என்பர் ஆராய்ச்சியாளர். ஆயினும், கெலிங் குடியிருப்பை அமைத்தோர் அப்பழைய வணிகரின் வழித்தோன்றல்கள் அல்லர். வணிகர் பொருள்கொண்டு வந்தனர். இவர்களோ உழைப்பை மட்டுமே கொண்டு வந்தனர்.

1863ஆம் ஆண்டில் யாக்கோபுஸ் நீன்ஹுயிஸ் என்னும் ஒல்லாந்தர் டெலிக்கு வந்து, சுல்தானிடம் நிலம் பெற்றுப் புகையிலை பயிரிட்டார். சுருட்டின் மேற்சுற்றுக்கு ஏற்ற மெல்லிய இலையை இம்மண் தந்தமையால், டெலிப் புகையிலை ஐரோப்பியச் சந்தையில் விரைவிற் புகழ் பெற்றது. 1869ஆம் ஆண்டில் டெலிக் கம்பனி தோன்றியது. தோட்டங்கள் பெருகின; உழைப்பாளருக்கோ தட்டுப்பாடு. ஆகவே சீனரும் யாவா நாட்டவரும் தமிழரும் கொண்டுவரப்பட்டனர். அவர்களைப் பிணைத்த ஒப்பந்தங்கள் கடுமையானவை. 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளி குற்றவாளியாகக் கருதப்பட்டுத் தண்டனை பெற்றான். 1902ஆம் ஆண்டில் வான் டென் பிராண்ட் என்னும் மேடான் வழக்கறிஞர் தோட்டக் கொடுமைகளை நூல்வாயிலாக வெளியிட்ட பின்னரே, ஒல்லாந்து நாட்டில் இதுபற்றிப் பெருங் கிளர்ச்சி எழுந்தது.

இங்கே ஒரு வேறுபாடு கருதத்தக்கது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகச் சென்றனர். ஒல்லாந்தரின் சுரினாம் நாட்டுக்குத் தொழிலாளரைச் சேர்ப்பதற்கும் பிரித்தானிய இந்திய அரசு உடன்பட்டது. ஆனால், கிழக்குச் சுமாத்திராவுக்கு ஆட்சேர்க்க அவ்வரசு இசையவில்லை. எனவே டெலிக்கு வந்த தமிழர் பெரும்பாலும் பினாங்கு வழியாகவே வந்தனர். அவர்தொகை சீனர், யாவானியர் தொகைக்கு ஈடாக ஒருபோதும் உயரவில்லை. சிறுபான்மையினருள்ளும் சிறுபான்மையினராய் அவர்கள் வாழ நேர்ந்தமைக்கு இதுவே முதற் காரணம்.

புகையிலைப் பயிரைப் பேணும் வேலை பெரும்பாலும் சீனரிடம் இருந்தது. தமிழர் காடு திருத்தினர், வாய்க்கால் வெட்டினர், வீதிகள் அமைத்தனர், மாட்டுவண்டி ஓட்டினர். தோட்டத்தில் விளைந்த இலை துறைமுகத்தை அடைவதற்கு அவர்கள் இட்ட வழியே வழியாயிற்று. 1886ஆம் ஆண்டில் மேடானுக்கும் லபுகானுக்கும் இடையே புகையிரதம் ஓடியது. 1887ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் கிழக்குச் சுமாத்திரா ஆட்சித் தலைமையிடம் பெங்காலிசிலிருந்து மேடானுக்கு மாற்றப்பட்டது. டெலி சுல்தானின் மைமூன் அரண்மனையும் அக்காலத்திலேயே எழுந்தது. 1909ஆம் ஆண்டில் மேடான் நகராட்சியாயிற்று. இவ்வாறு நகர் வளர, பபூரா ஆற்றை அண்டிய நிலத்தில் தமிழர் குடியிருப்பும் வளர்ந்தது.

அக்குடியிருப்பின் நடுநாயகமாக விளங்குவது ஸ்ரீ மாரியம்மன் கோயில். இக்கால வீதிப்பெயரால் தெயுக்கு உமார் வீதியில் உள்ள இக்கோயில் 1884ஆம் ஆண்டில் அமைந்ததென்பர். மேடான் ஆட்சித் தலைநகராவதற்கு முன்னரே இத்தொழிலாளர் தம் அன்னைக்கு இடம் அமைத்தமை சிந்திக்கத்தக்கது. ஊர் நாட்டில் மழைக்கும் நோய்க்கும் வேண்டப்பட்ட தெய்வம், காய்ச்சல் மலிந்த சதுப்பு நிலத்திலும் காவல் தெய்வமாயிற்று. விநாயகரும் முருகனும் அம்மையோடு எழுந்தருளியுள்ளனர். கடன்கொடுத்து வாங்கும் தொழில்புரிந்த செட்டிமார் சுப்பிரமணியருக்குத் தனிக்கோயில் எடுத்தனர். தென்னிந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசல்கள் அருகிலேயே எழுந்தன. சீக்கியரும் இப்பகுதியில் தம் குருத்துவாராவை நிறுவினர். எனவே இஃது ஒரு சமயத்தார் குடியிருப்பாக மட்டும் இருந்ததில்லை. ஒரு துணைக்கண்டத்து மக்களின் சந்திப்பிடமாக இருந்தது.

இனி, பெயரை நோக்குவோம். ‘கெலிங்’ என்னும் சொல் ‘கலிங்கம்’ என்பதன் திரிபு என்பது பலர் கொள்கை. பழைய மலாய் இலக்கியத்தில் அது தென்னிந்திய நாட்டையும் மக்களையும் குறிக்கும் பொதுச்சொல்லாக, இழிபொருளின்றி வழங்கிற்று. வணிகன் வந்த காலத்தில் மதிப்போடு நின்ற சொல், கூலியாள் வந்த காலத்தில் ஏளனச் சொல்லாயிற்று. சொல் மாறவில்லை, சொல்லப்பட்டவனின் நிலை மாறியது. ஆகவே பிற்காலத்தில் ‘கம்போங் மெட்ராஸ்’ என்னும் பெயர் விரும்பி ஏற்கப்பட்டது. ‘மெட்ராஸ் ஹூலு’ என்பது இன்று மேடானின் ஆட்சிப் பிரிவுகளுள் ஒன்று. தாயகத்திலோ மதராஸ் 1996ஆம் ஆண்டிற் சென்னையாயிற்று. தாய்நகர் துறந்த பெயரைச் சேய்க்குடியிருப்பு சுமந்து நிற்கின்றது.

1942ஆம் ஆண்டில் யப்பானியர் சுமாத்திராவைக் கைப்பற்றினர். போருக்குப் பின்னர் விடுதலைப் போராட்டமும் குழப்பங்களும் தொடர்ந்தன. தமிழருட் பலர் இந்தியா மீண்டனர். எஞ்சியோர் இந்தோனீசியக் குடிகளாயினர். அவர்தம் பிள்ளைகள் இந்தோனீசிய மொழியிற் கல்வி கற்றனர். கல்வி, தொழில், அயலாருடன் பழக்கம் என்னும் மூன்றும் ஒரே மொழியில் நிகழ்ந்தமையால் வீட்டிலும் தமிழ் தளர்ந்தது. சமயத்தின் நிலை வேறு. 1965ஆம் ஆண்டுச் சட்டம் சுட்டிய ஆறு சமயங்களுள் இந்து சமயமும் ஒன்றாதலின், கோயில் வழிபாட்டுக்குச் சட்டத்தின் காப்புக் கிடைத்தது. ஆனால் அவ்வேற்பை முயன்று பெற்றவர்கள் பாலித்தீவினர்; பள்ளிகளிற் கற்பிக்கப்படும் இந்து சமயபாடமும் பெரும்பாலும் பாலி மரபைத் தழுவியது. இதனால் மேடான் தமிழ்ச் சிறுவன் பள்ளியில் ஒரு மரபையும் மாரியம்மன் சந்நிதியில் மற்றொரு மரபையும் காண்கின்றான்.

நிலத்தின் விலை உயர உயரக் குடியிருப்பின் தோற்றமும் மாறியது. தமிழருட் பலர் நகரின் பிற பகுதிகளுக்குச் சென்றனர். சீனரும் பிறரும் இங்குக் குடிபுகுந்தனர். பெரும் வணிக மாளிகைகள் கோயிலுக்கு அயலே உயர்ந்து நிற்கின்றன. எனினும் விழாநாட்களில், வேறிடங்களிற் பரந்து வாழும் குடும்பங்கள் இங்கேயே கூடுகின்றன. வீடுகள் பெயர்ந்தன, கோயில் பெயரவில்லை.

இதனால் அறியப்படுவது யாது? மொழியைக் காக்கப் பள்ளி வேண்டும். மக்களைக் கூட்டக் கோயில் வேண்டும். மேடான் தமிழருக்கு இரண்டாவது வலிவாக அமைந்தது; முதலாவது நிலைக்கவில்லை. கோயிலினால் அவர்கள் ஒரு சமுதாயமாக நிற்கின்றனர். பள்ளியின்மையால் அச்சமுதாயம் தன் முன்னோரின் கதையை முன்னோரின் மொழியிற் சொல்ல இயலாது தளர்கின்றது. காடு திருத்தி வழியமைத்த அம்மக்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் அமைத்த கோயிலே அவர்களுடைய கல்வெட்டு. அதனைப் படித்தறியும் மொழியைப் பேணுதல், கடல்கடந்து வாழும் ஒவ்வொரு தமிழ்ச் சமுதாயத்தின் முன்னும் நிற்கும் கடமையாகும்.