துகள் எங்கே நிற்கிறது? ஆழம் சார்ந்த வெப்பத்தின் வரலாறு

பாய்ம இயக்கவியலின் ஆற்றல் சமன்பாட்டில் ஓர் உறுப்பு பெரும்பாலும் கேள்விக்கு உட்படுத்தப்படாமலே எழுதப்படுகிறது. ஒரு கன அலகு பாய்மம் ஒரு நொடியில் வெளியிலிருந்து பெறும் வெப்பத்தைக் குறிக்கும் மூல உறுப்பு அது. ஒளி வெப்பமூட்டும்போது அதை எழுதுவது எளிது: மேற்பரப்பில் மிகுதி, ஆழம் செல்லச் செல்ல அடுக்குக்குறி விதிப்படி தேய்வு. துகள் கற்றைக்கு இவ்விதி பொருந்தாது என்பதை இயற்பியல் கண்டுகொண்டது 1904ஆம் ஆண்டில்.

வில்லியம் ஹென்றி பிராக் 1886இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குப் பேராசிரியராகச் சென்றவர். ஏறத்தாழ 18 ஆண்டுகள் கற்பித்தலே அவருடைய முதன்மைப் பணி. 1904 ஜனவரியில் நியூசிலாந்தின் டுனெடின் நகரில் ஆற்றிய தலைமையுரைக்காகக் கதிரியக்கம் குறித்த கட்டுரைகளைப் படித்தபோதுதான் ஐயம் பிறந்தது. கனமான ஆல்பாத் துகள் ஒளியைப் போல் ஏன் தேய வேண்டும்? ரிச்சர்ட் கிளீமனுடன் சேர்ந்து, மெல்லிய ரேடியப் படலத்துக்கு மேலே ஆழம் குறைந்த அயனியாக்கக் கலம் ஒன்றை வைத்து, இடைத்தொலைவைச் சிறிது சிறிதாக மாற்றினார். துகளின் பாதை முடிவை நெருங்க நெருங்க அயனியாக்கம் கூடியது. பிறகு சட்டென்று அற்றுப்போனது. ரேடியத்துக்கும் அதன் சிதைவில் தோன்றும் பொருள்களுக்குமாக நான்கு தனித்தனி எட்டங்கள் வரைபடத்தில் படிகளாகத் தெரிந்தன. மிக நீண்ட எட்டம் காற்றில் 7 சென்டிமீட்டர் அளவே.

மொழியியல் பயின்றவள் என்பதால் ஓர் இடைக்குறிப்பு. 'உட்கவர்தல்' என்ற சொல் ஒளியியலிலிருந்து கடனாக வந்து, தன் கணிதத்தையும் உடன் கொண்டுவந்திருந்தது. பிராக் அதன் இடத்தில் 'எட்டம்' என்ற கருத்தை வைத்தார். தமிழில் நாம் எழுதும் 'வெப்பப் படிவு' என்பதும் எனக்கு உவப்பானதன்று. படிவு என்றால் வண்டல்போல் அடியில் தங்குவது என்று பொருள்படும். துகளோ வழிநெடுகத் தன் ஆற்றலைக் கொடுத்துக்கொண்டே செல்கிறது. 'ஆற்றல் கையளிப்பு' என்பது மேல்.

காரணத்தை 1913இல் நீல்ஸ் போரும், குவாண்டம் முறையில் 1930இல் ஹான்ஸ் பெத்தேயும் விளக்கினர். ஒரு தொலைவைக் கடக்கையில் துகள் இழக்கும் ஆற்றல், தோராயமாக அதன் வேகத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. வேகம் குறைந்தால் இழப்பு கூடும். இழப்பு கூடினால் வேகம் மேலும் குறையும். 1946இல் ராபர்ட் வில்சன் இம்முகட்டைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பரிந்துரைத்த கதை பலரும் அறிந்ததே.

பாய்மத்தில் இதன் விளைவு கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று, சுவிட்சர்லாந்தின் வில்லிகனில் 2006 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை இயங்கிய மெகாபை இலக்கு. உருகிய ஈய-பிஸ்மத் கலவைக்குள் 575 மெகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் கற்றை கீழிருந்து மேல்நோக்கிப் பாய்ந்தது. இங்கே பிராக் முகட்டைக் கண்மூடி எழுதுவதும் பிழையே. இவ்வளவு ஆற்றலில் பல புரோட்டான்கள் எட்டத்தின் முடிவை அடையுமுன்பே அணுக்கருக்களோடு மோதிக் கற்றையிலிருந்து விலகுகின்றன. ஆகவே வெப்பம் நுழைவாயிலுக்கு அருகிலேயே உச்சமடைந்து, ஆழத்தில் குறைந்து, 30 சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. அந்த நுழைவாயிலில் இருப்பதோ மெல்லிய எஃகுச் சாளரம். மேலிருந்து இறங்கும் திரவம் அங்கே திரும்பி மேலேறுவதால், சாளரத்தின் நடுவில் ஓட்டம் தேங்கும் ஆபத்து உண்டு. கற்றை மிகச் செறிவாக விழுவதும் அங்கேதான். தேக்கத்தைக் குலைக்கத் தனியாக ஒரு பக்கத் தாரை பாய்ச்சப்பட்டது.

இத்தகைய கணிப்பில் மாண்டே கார்லோ நிரல் துகள்களைப் பின்தொடர்ந்து வெப்பப் பரவலைத் தருகிறது. பாய்ம நிரல் அதைத் தன் கண்ணிகளுக்கு மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தில் மொத்த வெப்பம் காக்கப்படுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வண்ணப் படங்களை அதன்பின் பார்க்கலாம். திரவ உலோகத்தில் அடர்த்தி பெரிதாக மாறாததால் இந்த ஒருவழிப் பரிமாற்றமே போதும். வாயு இலக்கில் போதாது. கற்றை சூடாக்கிய வாயு விரிந்து அடர்த்தி குறையும்; துகளின் எட்டம் நீளும்; வெப்பம் விழும் இடமே நகரும். அங்கே இரண்டு நிரல்களும் ஒன்றுக்கொன்று விடை சொல்லி, மாறி மாறி இயங்கியாக வேண்டும்.