ஆவடிப் பந்தலும் ஆலை வாசலும்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் பாதையில் உள்ள ஆவடி, 1955 ஜனவரியில் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஊரானது. இந்திய தேசிய காங்கிரஸின் 60ஆவது மாநாடு அங்கே கூடியது. தலைமை யு.என்.தேபர். பிரதமர் நேரு வந்திருந்தார். மாநிலத்தின் முதலமைச்சர் காமராஜர், பதவியேற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. 'சோஷலிச மாதிரியான சமுதாயத்தை' அமைப்பதே இந்தியாவின் திட்டமிடலுக்குக் குறிக்கோள் என்று மாநாடு தீர்மானித்தது. அடுத்த ஆண்டே வந்த தொழிற்கொள்கைத் தீர்மானமும் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டமும் அந்த வாசகத்தின் மேல்தான் நின்றன. ஆவடி என்ற பெயர் பாடப்புத்தகத்தில் ஏறியது அப்படித்தான்.

ஆனால் இந்த வட்டாரத்துக்குச் சமதர்மம் அந்தப் பந்தலில் வந்து இறங்கவில்லை. அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே, அதே ரயில் பாதையில் சில நிலையங்கள் கிழக்கே, பெரம்பூரில் அதன் வேலை தொடங்கிவிட்டது. தீர்மானம் போட்டவர்களைவிட ஆலை வாசலில் நோட்டீஸ் கொடுத்தவர்களிடம்தான் இந்த வரலாற்றைத் தேட வேண்டும். இரண்டு ரயில் பாதைகள் போதும். ஒன்று பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் என்று மேற்கே போகிறது. மற்றொன்று திருவொற்றியூர், எண்ணூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று ஆந்திர எல்லை வரை வடக்கே போகிறது. சங்கமும் இந்தத் தண்டவாளங்களின் வழியாகவே நகர்ந்தது.

தொடக்கம் ஒரு பக்திச் சபையில். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பெரம்பூர்ப் பகுதியில் வேங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபாவை நடத்திவந்தார்கள். ஆன்மிகச் சொற்பொழிவு கேட்க வந்தவர்களில் பலர் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள். சொற்பொழிவு முடிந்த பிறகு அவர்கள் பேசியது மேஸ்திரியின் அடியைப் பற்றியும், சாப்பிட நேரம் போதாததைப் பற்றியும்தான். 1918 மார்ச் 2 அன்று ஜங்கராமாயம்மாள் தோட்டத்தில் தொழிலாளர் கூட்டம் நடந்தது. திரு.வி.க. பேசினார். ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. தலைவர் பி.பி.வாடியா, அன்னி பெசன்டோடு நின்ற தியாசபிக்காரர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போனது. 1920 கதவடைப்பின்போது, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக வாடியா முதலியோர் மீது ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பே இல்லாத காலம் அது. கடைசியில் சமரசத்தின் விலையாக வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியிருந்தது. இந்த வழக்கின் அதிர்ச்சியில்தான் என்.எம்.ஜோஷி 1921-இல் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்து மனுக் கொடுத்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது அது. பெரம்பூர்த் தொழிலாளிகள் தோற்ற வழக்கு, நாட்டுக்கே ஒரு சட்டத்தை வாங்கிக் கொடுத்தது.

1921-ஐப் பற்றி நின்று நிதானமாகப் பேச வேண்டும். அந்த ஜூனில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீண்டது. பட்டினி நீள நீள, ஆலைக்குள் ஒன்றாக நின்றவர்கள் வெளியே சாதியாகப் பிரிந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலைக்குத் திரும்பினார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வேலைக்குத் திரும்பியவர்களைக் கருங்காலிகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது அநியாயம். சேமிப்போ, நிலமோ, கடன் கொடுக்க ஆளோ இல்லாத சேரிக் குடும்பம் எத்தனை மாதம் சம்பளம் இல்லாமல் தாங்கும்? ஊருக்குள் சமமாக உட்கார வைக்காத சங்கம், ஆலை வாசலில் மட்டும் சமமாக நிற்கச் சொன்னால் யார் நம்புவார்கள்? வேலைநிறுத்தம் தோற்றது. புளியந்தோப்பில் விழுந்த பிளவைப் பின்னால் வந்த ஒவ்வொரு செங்கொடிச் சங்கமும் ஏதோ ஒரு வடிவில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 1923 மே 1 அன்று, 63 வயது வழக்கறிஞர் ம.சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி கடற்கரையில் இன்னொன்று. இந்தியாவில் நடந்த முதல் மே தினம் அதுதான். அன்றே தொழிலாளர் – விவசாயிகள் கட்சியையும் அறிவித்தார். மே தினத்தை விடுமுறையாக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கும் அவர்தான் தலைவர். 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறைக்கும் போனார்.

1934-இல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டபோது, ஜீவானந்தமும் பி.ராமமூர்த்தியும் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி என்ற குடைக்குள் இருந்துகொண்டே சங்கம் கட்டினார்கள். 1937-இல் 'ஜனசக்தி' இதழ் வந்தது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது கிளைக் கூட்டத்தின் பாதி வேலை.

ஆவடித் தீர்மானத்தின் முதல் பலனை அதைப் போட்டவர்கள் தேர்தலில் அறுவடை செய்தார்கள். சில வாரங்களில் நடந்த ஆந்திர மாநிலத் தேர்தலில், அதுவரை வலுவான எதிர்க்கட்சியாக இருந்த கம்யூனிஸ்ட்டுகள் 15 இடங்களுக்குச் சுருங்கினார்கள். சோஷலிசமே காங்கிரஸின் லட்சியம் என்றான பிறகு எதற்குச் செங்கொடி என்ற கேள்வி, கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம் ஊர் ஊராகக் கேட்கப்பட்டது. இரண்டாவது பலன் தொழிற்சாலைகள். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது, 1965-இல் அங்கே விஜயந்தா டாங்கி உருவானது. முன்பே இருந்தவற்றோடு சேர்ந்து தனியார் ஆலைகளும் பெருகின. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், டன்லப், பிறகு தொழிற்பேட்டை. வடக்குப் பாதையில் விம்கோ தீப்பெட்டி ஆலை ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு. 1946-இல் அதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். டயர் ஆலையாக வளர்ந்தது.

இந்த ஆலைகளின் வாசலில்தான் வி.பி.சிந்தன் போன்றவர்கள் வாழ்நாளைச் செலவிட்டார்கள். கேரளத்தில் பிறந்து, சென்னை டிராம் தொழிலாளர்களிடையே வேலை செய்து, 1953-இல் டிராம் நின்றுபோன பிறகும் தொழிற்சங்கத்தை விடாதவர். 1970-இல் சி.ஐ.டி.யு. தொழிற்சங்க மையம் உருவானதும் அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார். 1984-இல், அம்பத்தூர்ப் பகுதியும் அடங்கியிருந்த வில்லிவாக்கம் தொகுதியில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1987-இல் மாஸ்கோவில் காலமானார்.

சங்கக் கிளையின் அன்றாட வேலை என்ன என்பதைக் கேட் மீட்டிங்கில் பார்க்கலாம். ஷிப்ட் விடுவதற்குக் கால்மணி முன்பே மைக் செட் கட்டிய ஆட்டோ வந்து எதிர்ச்சாரியில் நிற்கும். வெளியே வருபவர் அடுத்த எலக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்க வேண்டியவர். இரண்டு நிமிடத்துக்குள் பேச்சாளர் விஷயத்துக்கு வராவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். அதனால் உலக அரசியல் பின்னால்தான் வரும். முதலில் போனஸ். திருத்தப்பட்ட 1965 போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்றது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதில்தான் தீபாவளிக்கு முந்தைய மாதங்கள் முழுக்கப் போகும். பிறகு கேன்டீன் சாப்பாடு, சஸ்பெண்டானவரின் விசாரணை, வழக்கு நிதி. ஒருவர் நோட்டீஸ் கொடுப்பார், ஒருவர் உண்டியல் குலுக்குவார். சம்பள நாளில் சந்தா ரசீதுப் புத்தகம் வெளியே வரும். மே தினக் காலையில் ஒவ்வொரு கேட்டாகப் போய்க் கொடியேற்றுவார்கள். 1984-இல் பிரளயன் முதலியோர் தொடங்கிய சென்னைக் கலைக்குழு போன்ற வீதி நாடகக் குழுக்கள் வந்த பிறகு, மைக் பேச்சுக்கு நிற்காதவர்களும் நாடகத்துக்கு நின்றார்கள்.

இந்தச் சங்கக் கட்டமைப்பு தளர்ந்தது 1990களில். 1996-இல் பெரம்பூரின் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலையே மூடப்பட்டது. வளர்ந்தவை கும்மிடிப்பூண்டி சிப்காட், தெற்கே ஸ்ரீபெரும்புதூர் போன்ற புதிய பகுதிகள். தொழிற்சங்கச் சட்டமும் மாறியது. பழைய ஏழு பேர் கணக்கோடு, மொத்தத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2001 திருத்தம் சேர்த்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கைகளில் ஒன்று, சங்கத்துக்குப் பதிவும் அங்கீகாரமும். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. 1926-இல் முடிந்துவிட்டதாக நினைத்த வாதத்தைத் தொழிலாளி மறுபடி முதலிலிருந்து வாதாட வேண்டியிருக்கிறது. ஆவடியிலும் அதே நிலைமைதான். 2021 அக்டோபரில் கனரக வாகனத் தொழிற்சாலை, அரசுத் துறை என்ற நிலையிலிருந்து ஒரு நிறுவனத்தின் கீழ் மாற்றப்பட்டது. அதை எதிர்த்துப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது, அத்தகைய வேலைநிறுத்தங்களைத் தடை செய்யவே அந்த ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

கும்மிடிப்பூண்டியில் இன்னும் கடினம். உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் உழைப்பவர்களில் பெரும் பகுதியினர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒப்பந்தக்காரர் மாறினால் சங்கத்தில் சேர்ந்தவரும் சிதறிப்போகிறார். வேன் ஆலைக்கு உள்ளேயே ஆளை ஏற்றிக்கொண்டு போனால் கேட் மீட்டிங்குக்கு நிற்க யாரும் இல்லை. நோட்டீஸ் தமிழில் இருந்தால் படிக்கவும் ஆள் இல்லை.

2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன, ஆளுங்கட்சியின் சங்கம்கூட. சிங்காரவேலரின் கூட்டம் நடந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மசோதா திரும்பப் பெறப்பட்டதை அறிவித்தார். அன்று காப்பாற்றப்பட்ட எட்டு மணி நேரம் கும்மிடிப்பூண்டி உலை முன் நிற்கும் ஒடிசாக்காரருக்கும் சொந்தம். ஆனால் அதைக் காப்பாற்றிய சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் அவரைப் போன்றவர்களின் பெயர் மிக அபூர்வம். அவரைச் சேர்க்க இந்தியும் ஒடியாவும் பேசும் ஊழியர்கள் வேண்டும், அவர் தங்கியிருக்கும் அறைக்கே ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும், ஒப்பந்தக்காரர் மாறினாலும் செல்லும் உறுப்பினர் அட்டையும் அவர் கையில் இருக்க வேண்டும்.