பேட்டையும் காடிதளும்

புணேவின் புறநகரான ஹடப்சருக்குப் போகும் பேருந்தில் நடத்துனர் 'காடிதள், காடிதள்' என்று கூவும்போது தமிழ்க் காதுக்கு முதலில் புளித்த காடிதான் நினைவுக்கு வரும். மராத்தியில் காடி என்றால் வண்டி, தள் என்றால் தங்குமிடம். தமிழில் சொல்ல நாம் புதுச்சொல் தேட வேண்டியதில்லை: வண்டிப்பேட்டை.

மாட்டை அவிழ்த்து முளையில் கட்டி, தண்ணீர் காட்டி, வைக்கோல் உதறிப் போட்டுவிட்டு, நுகத்தடி தரையில் சாய்ந்த வண்டிக்கு அடியிலேயே வண்டிக்காரர் படுத்துக்கொள்ளும் திடல்தான் வண்டிப்பேட்டை. 1920-ஆம் ஆண்டின் மதராஸ் மாவட்ட நகராட்சிச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. ஹடப்சரில் சோலாப்பூர் சாலையிலிருந்து சாஸ்வட் சாலை பிரியும் இடத்தில் காடிதள் இருக்கிறது. வண்டி நிற்க அதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

பேட்டை என்ற சொல்லுக்குச் சுற்றம் அதிகம். கன்னடத்தில் பேட்டெ, தெலுங்கில் பேட்ட, மராத்தியில் பேட். கோட்டைக்கு வெளியே இருந்த கடைத்தெருவையும் குடியிருப்பையும் வெள்ளைக்காரர் 'பெட்டா' என்று எழுதினார்கள். கொழும்பில் ஆங்கிலத்தில் இன்றும் பெட்டாதான். தமிழில் அது புறக்கோட்டை.

பழைய புணே நகரமே பேட்களின் தொகுப்பு. சோமவாரிலிருந்து ரவிவார் வரை ஏழு கிழமைக்கும் ஏழு பேட். பேஷ்வாக்களின் அமைச்சர் நானா பட்னவீஸ் பெயரில் நானா பேட், பேஷ்வா நாராயணராவ் பெயரில் நாராயண் பேட். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புணேவின் வாழ்க்கை இவற்றுக்குள்தான் நடந்தது. 1848-இல் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது புதவார் பேட்டில். 1886-இல் எண்கோணக் கோபுரத்தோடு காய்கறிச் சந்தை எழுந்தது சுக்ரவார் பேட்டில். பம்பாய் கவர்னர் ரே பிரபுவின் பெயரைத் தாங்கியிருந்த அந்தச் சந்தை இன்று மகாத்மா புலே மண்டயி.

இன்று பேட் என்றால் புணேக்காரருக்கு வெறும் முகவரி. வியாபார வாசனை 'பஜார்பேட்' என்ற சொல்லில் மட்டும் மிச்சம். சென்னையிலும் அதே கதை: 'எங்க பேட்டைக்கு வந்து பாரு' என்பவர் சந்தைக்கு அழைப்பதில்லை. ஆனால் கிண்டி தொழிற்பேட்டையில் சரக்கு இன்னும் வந்து இறங்குகிறது. மராத்தியின் தள்ளோ மாட்டை விட்டு மேலே ஏறிவிட்டது: கார் நிறுத்துமிடம் வாகன்தள், விமான நிலையம் விமான்தள்.

ஆக, பழைய புணே நகருக்குள் பேட் என்ற சொல் தங்கிவிட்டது, வண்டி போய்விட்டது. ஹடப்சரில் வேறு சொல், ஆனால் அது வண்டியை மறக்கவில்லை. ஆண்டுதோறும் பண்டரிபுரம் செல்லும் இரு ஞானியரின் பல்லக்குகள் ஹடப்சரில்தான் பிரிகின்றன: ஞானேஸ்வரர் சாஸ்வட் வழியே, துக்காராம் லோணி வழியே. பல்லக்குகளைச் சுமக்கும் இரண்டு தேர்களையும் இழுப்பவை மாடுகள். அன்று காடிதளில் பேருந்துதான் ஒதுங்கி நிற்க வேண்டும்.